சாவுத்தப்பு கேட்டு ஓடிய பெண்கள்

பொங்கல் லீவுக்குக் கொழும்பிலிருந்து வந்த மகள், போனில் பழைய வெள்ளைக்காரப் பேய்ப்படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். போனுக்குள்ளிருந்து தப்புச் சத்தம் வந்தது. கை நின்றுவிட்டது. எங்கள் ஆட்கள் அடிக்கிற சாவுத்தப்பு.

"எங்க புடிச்ச இத?"

"யாரோ நெட்டுல போட்டிருக்காங்கம்மா. அம்பது வருசத்துக்கு முந்துன படம்."

முதலிலிருந்து போடச் சொன்னேன். பல் வைத்தியர் வீட்டில் ஐந்து பேர் காத்திருக்கிறார்கள். ஆளுக்கொரு பேய்க்கதை சொல்கிறார்கள். பல்வலிக்காரர் இவ்வளவு பேசுவாரா என்று எனக்குச் சந்தேகம். முதல் கதையில் செத்தவர் மூன்றாவதில் வேறு சட்டை போட்டு வந்தார். ஒன்றும் பிடிபடவில்லை. நான்காவது கதையில் எங்கள் தேயிலைத் தோட்டம் வந்தது.

அந்தப் படக்காரர்கள் வந்தபோது நான் கொழுந்தெடுக்கப் பேர் பதிந்த புதிது. லொறியில் பெட்டி பெட்டியாக இறக்கினார்கள். பனிமூட்டத்துக்குப் பஞ்சமில்லாத மலை இது. அன்றைக்குப் பார்த்து வெயில். எதையோ கொளுத்திப் புகை போட்டார்கள். ஈரச்சாக்கு எரிகிற வாடை. சாக்கு என்றால் எனக்கு அம்மாதான். மழைக்கும் வெயிலுக்கும் தலையில் போடும் சாக்கைக் காயவைத்து, எனக்குத் தலையணையாக மடித்து வைப்பாள்.

கீழே கோயிலடியில் கங்காணி தப்புக்காரர்களைக் கூட்டி நிறுத்தினாராம்.

"இருக்கிறதுலயே பயமான அடிய அடிக்கச் சொல்றாங்கப்பா."

"பொணம் இல்லாம அத எப்படிங்க அடிக்கிறது?"

ஒரு போத்தல் சாராயம் கொடுத்த பிறகு அடித்திருக்கிறார்கள். மலையில் நின்ற எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அந்த வாரம் அப்பா லயத்து வீட்டில் காய்ச்சலாகக் கிடந்தார். சத்தம் கேட்டதும் அம்மா கூடையைக் கழற்றிப் போட்டாள்.

"ஒங்கப்பா போயிட்டாருடி" என்றாள். ஓடினாள். அவள் ஓட, எல்லோரும் ஓடினோம், அழுதுகொண்டே. பாதையோரம் கேமரா நின்றதை யாரும் பார்க்கவில்லை.

கீழே வந்ததும் ஒரு வெள்ளைக்காரர் கைதட்டினார். கங்காணி விசயத்தைச் சொன்னார். லயத்தில் எங்களுக்குப் பக்கத்துக் காம்பிராவில் குடியிருந்த அக்கா, "ஒங்க ஊட்டு வாசல்ல போயி அடிங்கடா" என்று தப்புக்காரர்களை ஏசினாள். இன்னொரு தடவை ஓட வேண்டும் என்றார்கள். தோட்டத்துத் தொரை சொல்லிவிட்டார், ஓடினோம். இந்தத் தடவை அக்காதான் முன்னால். யாருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

அதில் அம்மா இல்லை. அவள் நிற்காமல் லயத்துக்கே ஓடிவிட்டாள். அப்பா ரொட்டி தின்றுகொண்டிருந்தாராம்.

"யாருடி செத்தது?" என்று கேட்டிருக்கிறார். அம்மா அவர் முதுகில் இரண்டு போட்டாள். அதற்குப் பிறகு உட்கார்ந்து அழுதாள். அப்பா இதைச் சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த மழைக்கு அம்மா போய்விட்டாள். அடையாள அட்டைக்கென்று எல்லோரையும் படம் பிடித்தது அதற்குப் பிறகுதான். அம்மாவுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது.

படத்தில் நாங்கள் ஓடுவது ஒரு மூச்சு நேரம். இரண்டு ஓட்டத்தையும் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் போல. சிலர் அழுகிறார்கள், சிலர் சிரிக்கிறார்கள். எல்லார் தலையிலும் சாக்கு. முன்னால் ஓடுகிறவள் ஒரு தடவை திரும்புகிறாள். மகள் அதில் நிறுத்தினாள்.

"இதானாம்மா அம்மாயி?"

பார்த்தேன். சின்னப் பெண்ணாக இருந்தாள். அம்மா இவ்வளவு இளசாகவா இருந்தாள்? இல்லை, இரண்டாவது ஓட்டத்தில் முன்னால் ஓடிய அக்காவோ? வாய் திறந்திருக்கிறது.

"அழுவுறாங்களா, சிரிக்கிறாங்களா?"

"வெளங்கல."

"நல்லா பாத்துச் சொல்லும்மா. பெருசாக்கிப் பிரேம் போட்டுத் தாரேன்."

தள்ளி வைத்துப் பார்த்தேன். கிட்ட வைத்துப் பார்த்தேன். அக்காவைக் கேட்கலாம் என்றால், அவள் அப்போதே குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டாள். கங்காணி இல்லை. அப்பா இல்லை. அந்த லயத்தையும் இடித்தாயிற்று. அம்மா முகத்தைப் பார்த்தவர்களில் இங்கே நான் ஒருத்திதான் மிச்சம்.

மகள் என்னைத்தான் கேட்கிறாள்.