ஒய் கெபாசிட்டர் மீது நான் போட்ட பழி

மகர்பட்டாவில் இருக்கும் எங்கள் வீட்டில் ஒரு நாள் காலை, சார்ஜில் இருந்த என் லேப்டாப்பின் உலோக மூடியைத் தொட்ட ஒன்றரை வயது மகள், கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். நானும் தொட்டுப் பார்த்தேன். விரலில் எறும்பு ஊறுவது போல் இருந்தது.

மின்னணுவியல் படித்தவளுக்குப் பயம் பாடத்தோடு வரும். சார்ஜருக்குள் இருக்கும் எக்ஸ் வகைக் கெபாசிட்டர், அதாவது மின்தேக்கி, ஷார்ட் ஆனால் ஃபியூஸ் போகும். மின்சாரத்துக்கும் நாம் தொடும் உலோகத்துக்கும் நடுவே இருக்கும் ஒய் வகை ஷார்ட் ஆனால் ஆளே போகலாம். அதனால் அதை இன்னும் கவனமாகச் செய்வார்கள்.

"ஏங்க, ஒய் கெபாசிட்டர் போயிருச்சு!"

"போயிருந்தா நீ இப்படிக் கத்திட்டு நிக்க மாட்டே" என்ற கணவர், வயரைப் பிடித்துக்கொண்டே சுவர் வரை போய்ச் சிரித்தார். "இதை மாட்டின புண்ணியவதி யாரு?"

நான்தான். குழந்தை பிளக் துளையில் விரலை விடக் கூடாதென்று போன வாரம் வாங்கிய, துளைகளுக்கு மூடி வைத்த அடாப்டர். சார்ஜருக்கு மூன்று பின். அடாப்டர் சுவருக்குள் நுழைத்ததோ இரண்டுதான். மூன்றாவதான எர்த் அதோடு நின்றுவிட்டது. நல்ல ஒய் கெபாசிட்டரும் துளி மின்சாரம் கசியவிடும். எர்த்துக்குப் போகவேண்டிய அது, வழியில்லாமல் எங்கள் விரலுக்கு வந்திருக்கிறது.

"கெபாசிட்டர்கிட்ட ஸாரி கேளு."

அடாப்டரைக் கழற்றி, சார்ஜரை நேராகச் சுவரில் மாட்டினேன். நான் தொட்டேன். அவரையும் தொடச் சொன்னேன்.

"நிஜமா ஒண்ணுமில்லையே?" என்று மூன்றாம் முறை கேட்பதற்குள், மகள் வந்து இரண்டு கையாலும் மூடியில் தாளம் போட ஆரம்பித்துவிட்டாள்.