மார்லிஸும் பன்னிரண்டு வோல்ட்டும்

மார்லிஸ் பிரான்ட்வோல்ட் எங்கள் பாலைவன முகாமுக்கு வந்த மூன்றாம் நாளே, கையில் ஒரு மீட்டருடன் தன் டிரெய்லருக்கு அடியில் மல்லாந்து கிடந்தாள். வயது அறுபத்தாறு. மினசோட்டாவில் பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பத்தோரு வருடம் உழைத்துவிட்டு, 1971ஆம் வருடத்து டிரெய்லர் வீட்டு வண்டி ஒன்றை வாங்கி, தன் பிக்கப் லாரியின் பின்னால் கோத்துக்கொண்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே குவார்ட்சைட் பாலைவனப் பக்கம் தனியாக இறங்கியிருந்தாள். என் டிரெய்லர் அவளுடையதற்கு அடுத்தது.

வண்டியில் வெளிச்சம் நிற்கவில்லை. தண்ணீர்க் குழாயைத் திறந்தால் மோட்டார் முனகும், விளக்குகள் மங்கிப்போகும். எது வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் காலையில் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி செத்துக் கிடக்கும்.

"அம்மணி, அது வண்டி இல்ல, தகர டப்பா. பேசாம எடைக்குப் போட்டுரு," என்றான் எதிர்வரிசை ஹார்லன். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன். அவன் ஜெனரேட்டர் காலையிலிருந்து சாயங்காலம் வரை கத்திக்கொண்டிருக்கும்.

"பழசை எல்லாம் எடைக்குப் போடணும்னா உன்னைத்தான் முதல்ல தராசுல ஏத்தணும்," என்று வண்டிக்கு அடியிலிருந்து பதில் வந்தது.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. குனிந்து, "இதெல்லாம் எங்க கத்துக்கிட்ட?" என்று கேட்டேன்.

"காலையில பதினொன்றரைக்கு அடுப்பு நின்னுபோச்சுன்னா மெக்கானிக் வர்ற வரைக்கும் முந்நூறு பிள்ளைங்க பசி தாங்குமா, பெர்னி? நாமதான் கைய வைக்கணும். சரி, உள்ள போய்த் தண்ணிக் குழாயத் திற."

திறந்தேன். மோட்டார் முனகியது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ்விலும் மறு முனையை வண்டியின் இரும்புச் சட்டத்திலும் வைத்திருந்தவள் கத்தினாள்: "ஒன்றரை வோல்ட்! பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்துல ஒன்றரை! பிடிச்சிட்டேன்!"

நெகட்டிவ் வயர் சட்டத்தில் சேரும் இடத்தில் போல்ட் துருவேறி, அதன் மேலேயே யாரோ கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். உப்புத்தாளால் பளபளக்கும்வரை தேய்த்து, புதுக் கம்பியும் புது போல்ட்டும் முடுக்கினாள். குழாயைத் திறந்தால் தண்ணீர் பீச்சியடித்தது. விளக்குகள் அசையவே இல்லை. இருவரும் நடுப்பகலில் எல்லா விளக்கையும் போட்டுப் பார்த்துக் குதித்தோம்.

அந்தக் குதிப்பு மறுநாள் காலைவரைதான். பேட்டரி மறுபடி செத்திருந்தது.

"சொன்னேனே," என்று ஹார்லன் காபிக் கோப்பையுடன் வந்து நின்றான்.

மார்லிஸ் அவனைப் பார்க்கக்கூட இல்லை. என் பேட்டரியை இரவல் வாங்கி, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பேட்டரிக்கும் வயருக்கும் இடையில் மீட்டரைக் கோத்தாள். எதுவுமே ஓடாதபோதும் ஒன்றரை ஆம்பியர் எங்கோ போய்க்கொண்டிருந்தது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். மூன்றாவதைப் பிடுங்கியதும் மீட்டரில் பூஜ்யம். திரும்பச் செருகினால் ஒன்றரை. அந்த ஃபியூஸின் வயர் அலமாரியின் பின்னால் போய், ஒட்டுப்பலகைச் சுவருக்குள் மறைந்தது.

அவள் சுவரை உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனாள். ஒரு இடத்தில் கை நின்றது.

"பெர்னி, இங்க தொட்டுப் பாரு."

தொட்டேன். வெதுவெதுவென்று இருந்தது. மறுபக்கம் யாரோ மூச்சு விடுவதுபோல இருந்தது; சட்டென்று கையை எடுத்துக்கொண்டேன்.

ஹார்லனும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டான். மார்லிஸ் பதினாறு திருகாணிகளைக் கழற்றினாள். பலகையை அவன் பிடித்து இழுத்தான். உள்ளே மஞ்சள் வெளிச்சம்!

ஒரு படுக்கை. ஆறடிக்கு இரண்டடி. சுவரில் படகுப் படம் போட்ட காகிதம், மேலே ஒரு சின்னப் பல்பு எரிந்துகொண்டு. வண்டியைப் பழுதுபார்த்த எவனோ ஸ்விட்சை அணைக்காமலே பலகையடித்து மூடிவிட்டிருக்கிறான். பேட்டரி இணைத்த போதெல்லாம் அந்தப் பல்பு யாருக்கும் தெரியாமல் எரிந்து, அந்தப் பழைய பேட்டரியை ஒரே ராத்திரியில் குடித்துத் தீர்த்திருக்கிறது.

"கடவுளே, உனக்கு ஒரு அறையே லாபம்!" என்றான் ஹார்லன்.

மார்லிஸ் பல்பை அணைத்தாள். அணைத்த கையால் வாயைப் பொத்திக்கொண்டு, சின்னப் பெண்போலச் சிரித்தாள். "நான் வாங்கப்போற லித்தியம் பேட்டரிய வெளிய வெச்சா குளிர்ல சார்ஜ் ஏத்த முடியாது. உள்ள எங்கடா வைக்கிறதுன்னு ஒரு மாசமா மண்டைய உடைச்சிக்கிட்டு இருந்தேன்!"

அடுத்த பத்து நாள் முகாமே அவள் வண்டியைச் சுற்றித்தான். வண்டியோடு வந்த, இரைந்துகொண்டே இருந்த பழைய சார்ஜர் குப்பைக்குப் போனது. லித்தியத்துக்கு ஏற்ற புதியது வந்தது. படுக்கையில் இரண்டு பேட்டரிகள், பக்கத்தில் இன்வெர்ட்டர். கூரையில் மூன்று சோலார் பலகைகளை ஏற்ற ஏணியைப் பிடித்தவன் ஹார்லன்.

பெருவிரல் பருமனில் கேபிள் வாங்கினாள். "இவ்வளவு தடியா எதுக்கு?" என்றேன்.

"மெல்லிசு போட்டா சூடாகும். சூடானா நெருப்பு. பொறுமையா ஒவ்வொண்ணுக்கும் ஃபியூஸ் போடு, அப்புறம் நிம்மதியாத் தூங்கு."

பிறகு, ஒரு சாக்குக்கு அடியிலிருந்து மாவு பிசையும் மிஷினை எடுத்தாள். முப்பத்தோரு வருடம் பிசைந்த மணிக்கட்டு இப்போது மாவு பிசையவே மறுக்கிறதாம். அதனால்தான் இத்தனை பாடு. ஸ்விட்சைப் போட்டாள். இரண்டு சுற்று சுற்றியது. 'பீப்' என்று அலறி இன்வெர்ட்டர் நின்றது.

அவள் எல்லாவற்றையும் அணைத்து, கேபிள் முனைகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தாள். ஒன்று ஆடியது. "என் தப்புதான். இறுக்க மறந்திருக்கேன்." ஸ்பானரால் இரண்டு திருகு. மறுபடி போட்டாள். மாவு உருண்டு திரண்டு பாத்திரத்தில் 'தப் தப்' என்று அடிக்க ஆரம்பித்தது. ஹார்லன் தொப்பியைக் கழற்றி ஆகாயத்தில் வீசினான்.

மறுநாள் காலை, அவள் ஊர்ப் பள்ளியில் போடுவதுபோலவே, கேரமல் வழியும் ரொட்டிச்சுருளும் காரமான பீன்ஸ் குழம்பும் நாற்பது பேருக்கு. சாப்பிட்டுக்கொண்டே ஒருவன் தன் விளக்கும் மங்குகிறது என்றான். அவள் விரலை நக்கிக்கொண்டு, "தண்ணி மோட்டார் ஓடும்போதா, எப்பவுமா?" என்று கேட்டாள். அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் பதினேழு வண்டிகளுக்கு அடியில் அவள் மல்லாந்து கிடந்தாள்.

மார்ச்சில் கிளம்பினாள். வடக்கே, ஊட்டா மலைப் பக்கம். மின்கம்பமே இல்லாத ஒரு பள்ளத்தாக்கு என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினாள்.

"தனியாவா?"

"ஆமா. ஏப்ரல்ல நீயும் வந்து சேரு."

பிக்கப் புழுதி கிளப்பிக்கொண்டு நெடுஞ்சாலை ஏறியது. நான் அன்றைக்கே போய் ஒரு மீட்டர் வாங்கிவந்தேன்.