காற்று நின்ற அரைமணி நேரம்

வானிலை அலுவலகத் தொலைபேசியில் பதினெட்டு வருடமாகப் பதில் சொல்லிவந்தவளைத் தெருவில் எல்லோரும் மழையக்கா என்றே கூப்பிட்டார்கள். அறிக்கையைத் தட்டச்சு செய்வது அவள்தான். அது புரியாமல் கேட்பவர்களுக்கு விளக்குவதும் அவள்தான்.

"பத்து மில்லிமீட்டர் மழைன்னா எவ்வளவும்மா?"

"ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் உள்ள தரையில பத்து லிட்டர் தண்ணி ஊத்தின மாதிரி."

"ஓரிரு இடங்களில் கனமழைன்னா லேசாத்தானே பெய்யும்?"

"இல்லைங்க. கொஞ்ச இடத்துலதான் பெய்யும். ஆனா பெய்யுற இடத்துல வெளுத்து வாங்கிடும்."

தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல் என்று மாறி மாறி வருகிறதே என்று குழம்புபவர்களிடம், "எல்லாம் ஒண்ணுதாங்க, காத்தோட வேகம் கூடக் கூடப் பேரு மாறுது" என்பாள்.

ஒரு வருடம் புயல் கரையைக் கடந்த நாள் காலையில் அவளுடைய சொந்த அக்காவின் கணவர் அழைத்தார். வெல்டிங் பட்டறை வைத்திருந்தார்; பட்டறையை ஒட்டியே வீடு.

"என்னம்மா, புயலோட கண்ணு எங்க பக்கமா வருதுன்னு போட்டிருக்கீங்க. மூக்கும் வாயும் எந்தப் பக்கமாப் போகுது?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்னொரு தொலைபேசி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. "மூக்கு வந்தா சொல்றேன் அத்தான். வெளிய போகாதீங்க" என்று வைத்துவிட்டாள். கண் என்றால் என்னவென்று சொல்லவில்லை.

பதினோரு மணிக்குப் பட்டறையின் தகரக் கூரை ஒரு மூலையில் பெயர்ந்து படபடத்தது. பன்னிரண்டுக்குக் காற்று சட்டென்று நின்றது. வெயில்கூட எட்டிப் பார்த்தது. அவர் கம்பிச் சுருளோடு ஏணியில் ஏறினார். அக்கா ஏணியைப் பிடித்துக்கொண்டே, "கொஞ்சம் பொறுங்களேன்" என்றாள்.

"அதான் ஓஞ்சுடுச்சே. இப்பக் கட்டாம எப்பக் கட்டுறது?"

அலுவலகத் திரையில் அக்கா ஊரின் காற்றழுத்தக் கோடு அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. கண் அக்கா வீட்டின்மேல் நிற்கிறது என்று மழையக்காவுக்குப் புரிந்தது. ஒன்பது முறை அழைத்தாள். இணைப்பு அறுந்திருந்தது.

அரைமணி நேரத்தில் காற்று திரும்ப வந்தது, இந்த முறை எதிர்ப்பக்கத்திலிருந்து. தகரத்தோடு அவரையும் தூக்கி வீசியது. இடுப்பெலும்பு நொறுங்கியது.

மருத்துவமனை வராந்தாவில் அக்கா கேட்டாள்: "கண்ணுன்னா என்னடி?"

"புயல் சக்கரம் மாதிரி சுத்தும்க்கா. நடுவுல காத்து இருக்காது, அதுதான் கண்ணு. அது தாண்டினதும் மறுபாதி எதிர்ப்பக்கமா அடிக்கும்."

அக்கா கடைசிவரை கேட்டாள். "இவ்வளவுதானா? இதைச் சொல்ல உனக்கு நேரமில்லையா?"



வேலைக்குத் திரும்பியதும் மழையக்கா அதிகாரியிடம் போய், கண் என்றால் என்னவென்று அறிக்கையிலேயே எழுத வேண்டும் என்றாள்.

"அறிக்கைக்குன்னு ஒரு நடை இருக்கும்மா. அதுல பாடம் நடத்த முடியாது."

"படிக்கிறவங்களுக்குப் புரியலேன்னா அது யாருக்கு சார்?"

அவர் முகம் கொடுக்கவில்லை. அவளும் விடவில்லை. நான்கு மாத நச்சரிப்புக்குப் பிறகு அறிக்கையின் அடியில் இரண்டு வரிக்கு இடம் கிடைத்தது: "காற்று திடீரென்று நின்றால் புயல் முடிந்துவிட்டதாக எண்ணாதீர்கள். எதிர்த்திசையிலிருந்து மீண்டும் வீசும், வெளியே வராதீர்கள்." அடுத்த புயலில் அந்த வரிகளைப் படித்து எத்தனை பேர் வீட்டுக்குள் இருந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. அவளும் கேட்டுப் பார்த்தாள்.

இப்போதெல்லாம் அழைத்தவர் தான் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொன்னால்தான் விடுவாள். "எனக்கென்ன காது செவிடா?" என்று சிலர் எரிந்து விழுவார்கள்.

அத்தான் இரண்டு கம்புகளை ஊன்றி நடக்கிறார். "கேலி பண்ணினது நான்தானேம்மா" என்கிறார். திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலை என்றிருக்கும். அவள் பார்க்கப் போனால் அக்கா தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள், "சாப்பிட்டியா?" என்பாள். பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்விடுவாள்.