தண்ணீர் குடித்தால்தான் பிள்ளை தெரியும்

ஸ்கேன் சென்டர் வேலை என்பது, வந்தவரை வயிறு முட்டத் தண்ணீர் குடிக்க வைத்துவிட்டு, பிறகு பாத்ரூம் பக்கம் போகவிடாமல் காவல் காக்கிற வேலை. இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த வருடங்களில் கள்ளக்குறிச்சியில் அப்படி ஒரு சென்டரில் நான் உதவியாளராக இருந்தேன். கர்ப்பத்தின் ஆரம்பத்தில் அந்தக் கால மெஷினில் பிள்ளை தெரிய வேண்டுமென்றால் மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும். நிறைந்தால்தான் குடல் விலகும், பின்னால் இருக்கிற கர்ப்பப்பை தெரியும். நீங்களும் எங்கள் பெஞ்சு மாதிரி ஒரு பெஞ்சில் காலை மாற்றி மாற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தவர் என்றால், என்னைப் போல ஒருத்தியை மனதுக்குள் கட்டாயம் திட்டியிருப்பீர்கள். பரவாயில்லை, என்னை எல்லாரும் நேரிலேயே திட்டினார்கள்.

பாதிப் பாதி

வடக்கனந்தலில் இருந்து தனம் என்ற பெண் மாமியாரோடு வந்தாள். குத்தகை நிலத்தில் பாடுபடுகிற குடும்பம். முந்தின வருடம் மூன்றாம் மாதத்தில் ஒன்று கலைந்துபோனதால், இந்தத் தடவை சீக்கிரமே பார்த்துவிடச் சொல்லி ஊர் நர்ஸ் அனுப்பியிருந்தார். பெரிய சொம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தேன். காலியானதும் மறுபடி நிரப்பிக் கொடுத்தேன். அதுவும் காலி.

படுக்க வைத்துப் பார்த்தால் திரையில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. டாக்டரம்மா என்னை முறைத்தார். நான் தனத்தை முறைத்தேன். தனம் மாமியாரைப் பார்த்தாள். அந்த அம்மாள் கதவோரம் நிற்க முடியாமல் நெளிந்துகொண்டிருந்தார்.

"வாந்தி எடுக்கற பொண்ணு, எம்மாந்தண்ணிதான் குடிக்கும்? அதான் பாதிய நான் குடிச்சிட்டேன். ரெண்டு பேரும் ஒரே வூடுதானம்மா!"

இன்னொன்று எங்கே?

தனம் மறுபடி குடித்து, மறுபடி படுத்தாள். இந்தத் தடவை சொம்புக்குப் பக்கத்திலேயே நான் நின்றேன். டாக்டரம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ரெட்டை" என்றார். மாமியாருக்கு வாயெல்லாம் பல். "கல்யாணத்துல ஒட்டு வாழப்பழத்தத் தின்னாதடின்னு சொன்னேன், கேட்டியா?" என்று மருமகளைச் செல்லமாகத் திட்ட ஆரம்பித்துவிட்டார்.

டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஒரு பிள்ளையின் நெஞ்சு மினுக் மினுக்கென்று துடிப்பது திரையில் தெரிந்தது. மற்றதில் அந்த மினுக்கல் இல்லை. "இன்னும் சின்னதா இருக்கலாம். நிக்காமலும் போகலாம். இப்ப எதுவும் சொல்ல முடியாது, ரெண்டு வாரம் கழிச்சு வாங்க" என்றார். தனம் அழவில்லை. "அது தூங்குதா டாக்டரம்மா?" என்று கேட்டாள். டாக்டரம்மா வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார்.

"எங்க வூட்டு ஆளுங்க பொழுது ஏறித்தான் எந்திரிப்பாங்க. அதுவும் எந்திரிக்கும், நீ எறங்கி வாடி."

மலைக்கு ஏசி

மெஷின் சூடாகக் கூடாது என்பதற்காக ஸ்கேன் ரூமில் ஏசி போட்டிருந்தோம். நிறைந்த வயிற்றோடு அந்தக் குளிரில் படுப்பது என்ன பாடு என்பதைப் பட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த இரண்டு வார இடைவெளியில் கல்வராயன் மலையிலிருந்து ஜீப்பில் தொற்றிக்கொண்டு ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். அவர்களுக்கும் இரட்டை. இரண்டுமே நன்றாகத் துடித்தன. அந்தப் பெண்ணுக்குச் சந்தோஷம் தாங்காமல் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கச் சிரிக்கத் திரையில் பிள்ளைகள் இரண்டும் குதித்தன. "சிரிக்காதம்மா, படம் நிக்க மாட்டேங்குது" என்று சொன்ன டாக்டரம்மாவே அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். எனக்குத் தனத்தின் ஞாபகம் வந்தது.

புருஷன்காரர் மட்டும் பிள்ளைகளை விட்டுவிட்டு ஏசியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"குளிருக்காவ இம்மாஞ் சத்தம் போடுதே, எங்க வூட்ல கதவத் தொறந்தா சும்மாவே வருதுங்க."

மரத்துக்கு அந்தப் பக்கம்

தனம் வர வேண்டிய நாளில் இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். புளியமரத்தை வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் கிடையாது, கடை கிடையாது. நாங்களும் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருந்தோம். இவர்கள் எங்கே வரப்போகிறார்கள் என்று நினைத்தேன். வந்துவிட்டார்கள். வந்த கதையைத் தனத்தின் புருஷன் ஏழுமலைதான் சொன்னார்.

தனத்தை சைக்கிளில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். பின்னாலேயே மாமியார் நடை. தனமோ போன தடவை நடந்ததை மனதில் வைத்துக்கொண்டு வீட்டிலேயே சொம்பு சொம்பாகக் குடித்துவிட்டுக் கிளம்பியிருக்கிறாள். வெட்டிப்போட்ட மரத்துக்குப் பக்கத்தில் மறியல்காரர்கள் நிறுத்தினார்கள். "இன்னா பெரிம்மா, இன்னிக்கு ஒரு வண்டியும் வுட மாட்டோம்" என்றார்கள். மாமியார் இடுப்பில் கையை வைத்தாராம். "டேய், இவ வயித்துல ரெண்டு பேரு கீறாங்க. அதுங்களுக்கும் சேத்துத்தானடா மரத்தப் போட்டுட்டுக் குந்திக்கினு கீறீங்க? மொதல்ல அதுங்க நல்லபடியா வந்து சேரட்டும், வழி வுடுங்க!"

அவ்வளவுதான். இரண்டு பேர் சைக்கிளைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். ஒருவர் தன் துண்டை மரத்தின் மேல் விரித்து, தனம் அதில் உட்கார்ந்து மெதுவாகத் தாண்டுவதற்கு வசதி செய்து கொடுத்தார். அதுவரை பால் வண்டியைக்கூட விடாத மனிதர்கள், சைக்கிள் கிளம்பும்போது பின்னாலிருந்து கத்தினார்களாம்.

"ஏழுமல, பள்ளத்துல வுடாத, அந்தாண்ட ஓரமா புடிச்சிக்கினு போ!"

தகவல் போன கதை

இத்தனை பாடுபட்டு வந்து தனம் படுத்ததும் கரண்ட் போனது. அவள் முகம் வெளுத்திருந்தது. என் தொழிலில் முதல் தடவையாக நானே, "பாத்ரூம் போயிட்டு வா தனம், அப்புறம் குடிச்சுக்கலாம்" என்றேன். "வாணாங்க்கா. நான் போற நேரத்துல கரண்ட் வந்துட்டா இன்னா பண்றது?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

கரண்ட் வந்தது. முதல் பிள்ளை உடனே தெரிந்தது, நன்றாகத் துடித்துக்கொண்டிருந்தது. டாக்டரம்மா கையை நகர்த்தி நகர்த்தி இன்னொன்றைத் தேடினார். தனம் திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் எதையும் காட்டிவிடக் கூடாதே என்று எனக்கு உயிர் போனது. சட்டென்று டாக்டரம்மாவின் கை நின்றது. "இதோ பாரு" என்று திரையைத் தனத்தின் பக்கம் திருப்பினார். மினுக், மினுக். ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று. நான் வெட்கமில்லாமல் அழுதேன். வெளியே நின்றிருந்த ஏழுமலையைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, திரைக்கு முன்னால் கை கட்டி நின்றார்.

தனம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அத்தே, இப்பவாச்சும் எங்க அம்மாவுக்குச் சொல்லலாமா?" என்று கேட்டாள். அப்போதுதான் விஷயம் தெரிந்தது. போன தடவை ஊரெல்லாம் சொல்லிவிட்டுப் பிறகு தலைகுனிய வேண்டியதாகிவிட்டதாம். அதனால் இந்தத் தடவை யாரிடமும் மூச்சு விடக் கூடாது, தியாகதுருகத்தில் இருக்கிற அம்மாவிடம்கூடச் சொல்லக் கூடாது என்று மாமியார் கறாராகச் சொல்லியிருக்கிறார். மறியல்காரர்களிடம் அவரே போட்டு உடைத்தது தனிக் கணக்கு. பெற்ற தாயிடம் சொல்ல முடியாமல் அந்தப் பெண் இரண்டு வாரமும் தனியாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறாள். மாமியார் சுவரைப் பார்த்துக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

"மொத தடவ ஸ்கேன் பாத்த அன்னிக்கே பஸ் ஏறிப் போயி உங்கம்மாகிட்ட சொல்லிட்டேன்டி. ரெண்டு பேரும் உக்காந்து ஒரு பாட்டம் அழுதுட்டு, உங்கிட்ட சொல்ல வாணாம், நீ பயந்துக்குவன்னு பேசி வச்சிக்கினோம்."

பிறக்காத பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பைக் காட்டுகிற மெஷினோடு அத்தனை வருடம் குப்பை கொட்டியும், பக்கத்தில் நிற்கிற மாமியாரின் நெஞ்சுக்குள் என்ன ஓடுகிறது என்பதை மட்டும் அதில் ஒருநாளும் என்னால் பார்க்க முடிந்ததில்லை.