மூன்றாவது விசில்

தெய்வசிகாமணிக்குத் தன் வீட்டு நாய் தன்னிடம் வர வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை. மைன்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் மழையில் நடுங்கிக் கிடந்த குட்டியை டிபன் பையில் வைத்து குவார்ட்டர்ஸுக்குத் தூக்கி வந்தவர் அவர். பால் ஊற்றி வளர்த்தவரும் அவர். ஆனால் அந்த ராணி, மனைவி காந்திமதியையும் மகள் ஹரிணியையும் சுற்றிச் சுற்றி வரும். இவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் கட்டிலுக்கடியில் பதுங்கும். நன்றி கெட்ட ஜென்மம் என்று திட்டுவார். அதையும் தெருவுக்கே கேட்கும்படிதான் திட்டுவார்.

குரலுக்கு அவர் என்ன செய்வார்? முப்பத்தோரு வருஷம் நிலக்கரி ஓடும் கன்வேயர் பெல்ட் பக்கத்திலேயே டியூட்டி. அங்கே ஒரு வார்த்தை சொல்வதென்றால் அடுத்தவர் காதோடு வாயை வைத்துக் கத்த வேண்டும். காதில் வைத்துக்கொள்ளக் கொடுக்கும் அடைப்பான் அவரோடு வேலை பார்ப்பவர்கள் எல்லாருக்கும் சட்டைப்பையில்தான் இருக்கும். பெல்ட்டின் சத்தம் லேசாக மாறினாலே உருளை எங்கோ சிக்கப்போகிறது என்று காதாலேயே கண்டுபிடிப்பவன்தான் ஆள். அதில் தன்னை அடிக்க ஆளில்லை என்று தெய்வசிகாமணிக்குப் பெருமை.

வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கும் ஹரிணிதான் யோசனை சொன்னாள். மீட்டிங் நடுவே அப்பாவின் "ராணீ" கேட்டு ஆபீஸே சிரிக்கிறதாம். நாய் விசில் ஒன்று வாங்கிக்கொண்டால் வீட்டுக்குள் மெதுவாக ஊதியே பழக்கலாம் என்றாள்.

வடலூரில் நாய்த்தீனி விற்கும் எழில்மதியிடம் வாங்கினார். நுனியில் ஒரு திருகு. தளர்த்தினால் மனிதருக்கும் கேட்கும், இறுக்கினால் நாய்க்கு மட்டும் கேட்கும் என்று விளக்கினாள். வீட்டுக்கு வந்து கடைசிவரை தளர்த்தி ஊதினார். வெறும் காற்று. மறுநாள் மாற்றி வாங்கினார். அதுவும் வெறும் காற்று. ஷிப்ட் முடித்த அலுப்போடு மூன்றாம் முறை போய் நின்றபோது அவருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. எழில்மதி இன்னொன்றை எடுத்துத் தானே ஊதிக் காட்டினாள்.

"நல்லா கீச்சுனு கேக்குதேங்க" என்றாள்.

பக்கத்தில் பிஸ்கட் வாங்க நின்றவரும் ஆமாம் என்றார். அந்த ஆள் கடைக்காரியே நிறுத்தி வைத்தவன் என்று தெய்வசிகாமணி முடிவு கட்டினார். ஆனாலும் வாங்கி வந்தார்.

கூடத்தில் படுத்திருந்த ராணிக்குப் பக்கத்தில் குனிந்து, நெஞ்சில் இருந்த காற்றையெல்லாம் கூட்டி ஊதினார். ராணி ஊளையிட்டுக்கொண்டு கட்டிலுக்கடியில் பாய்ந்தது. உள்ளறையிலிருந்து ஹரிணி காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள். அடுப்படியிலிருந்து காந்திமதியும் எட்டிப் பார்த்தாள்.

"நிறுத்துங்கப்பா, காது கிழியுது."

"எங்க கிழியுது? இதுவும் டப்பா. சத்தமே வரல."

ஹரிணி விசிலைப் பிடுங்கித் திருகைக் கொஞ்சம் இறுக்கி, மெல்ல ஊதினாள். கட்டிலுக்கடியிலிருந்து ராணியின் மூக்கு தெரிந்தது. பிறகு அது ஊர்ந்து வந்து அவள் காலடியில் உட்கார்ந்தது.

"அப்பாவுக்கு இது கேக்கவே இல்லையாம்மா?" என்று ஹரிணி அம்மாவைப் பார்த்துக் கேட்டாள். காந்திமதி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். அது அவளுக்குப் புதுச் செய்தி இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

பெல்ட் சத்தம் மாறினாலே கண்டுபிடிக்கிற காது இது என்று தெய்வசிகாமணி எகிறினார். நீங்கள் பேசுவதெல்லாம் சுத்தமாகக் கேட்கிறது, பிறகென்ன என்று அதட்டினார்.

"நாங்க உங்ககிட்ட மட்டும் கத்தித்தான்பா பேசுறோம். ஏழெட்டு வருஷமா" என்றாள் ஹரிணி.

யார் மேல் கோபப்படுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"இப்ப சொன்னதும் கத்தித்தான் சொன்னியா?"

ஹரிணி தலையாட்டினாள். அவள் கழுத்தில் நரம்பு புடைத்திருப்பதை அப்போதுதான் பார்த்தார்.