கிட்டங்கியில் சாக்கு உதறியவர்கள்

இது நடந்த விஷயம். கோவில்பட்டியில் பழைய சாக்கு வியாபாரம் செய்யும் அப்துல் நாசர் பொய்யே சொல்லாத ஆள் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஓட்டைச் சாக்கையும் 'புதுசு மாதிரி' என்று தலையில் கட்டிவிடுவார். ஆனால் இதைச் சொல்லும்போது மட்டும் பக்கத்தில் கிடக்கும் சாக்கை அவர் தொடுவதில்லை. என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

போன சித்திரையில் ஒரு நாள். அவருடைய உம்மா நூருன்னிசாவுக்கு ஐந்து மாதமாக மூச்சுத் திணறல். டி.பி. என்று மாத்திரை கொடுத்தார்கள். விழுங்க விழுங்க ஆள் இளைத்துக்கொண்டே போனார். மறுநாள் திருநெல்வேலிக்கு ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போக வேண்டும். உம்மாவை எப்படியாவது பிழைக்க வைத்துவிட வேண்டும் என்பதைத் தவிர நாசருக்கு வேறு நினைப்பே இல்லை. மல்லாந்து படுத்தால் உம்மாவுக்கு மூச்சு முட்டியது. சாக்கு அடுக்கி வைக்கிற, பூட்டிக் கிடந்த பழைய கிட்டங்கியில் ஒரு சாய்வு நாற்காலி உண்டு. அதை எடுத்து வரப் போனார்.

உச்சி வெயில். செல்போனில் மணி 12.20. பூட்டில் சாவியைப் போட்டார்.

தப்... தப்... தப்...

உள்ளே யாரோ கம்பால் சாக்கை அடித்து உதறும் சத்தம். கிட்டங்கியைத் திறந்தே எட்டு வருஷம் ஆகிறது. எலி என்று நினைத்துக்கொண்டார். எலி கம்பு பிடிக்குமா என்ன? கதவைத் தள்ளினார்.

மூன்று பெண்கள். கதவுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். முந்தானையால் வாயைக் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் வெள்ளையாகத் தூசி எழும்பியது. எழும்பிய தூசி கீழே இறங்கவில்லை.

"யாரு அது?"

 ஒருத்தி இருமினாள். பிறகு இன்னொருத்தி. உம்மாவுடைய அதே வறட்டு இருமல்...

"நூருன்னிசாக்காவ எங்கட்டி காணும்?"

"நெஞ்சுல தண்ணி கட்டியிருக்குல்லா. வந்துருவாவ."

தப்... தப்...

நாசர் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். மூச்சை இழுத்தார். வரவில்லை.

மூன்று பேரும் திரும்பினார்கள்.

முந்தானைக்கு மேலே... கண் இல்லை. வெறும் வெள்ளை.

முகத்தில் தண்ணீர் பட்டபோது வாசல் மண்ணில் கிடந்தார். எதிர்க் கடை சோலைராஜ் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். மணி 12.34.

"உள்ள... மூணு பொம்பளைய..."

"கதவு பூட்டித்தான் கெடக்கு, அண்ணாச்சி. சாவி உங்க கையில இருக்கு."

மறுநாள் காலை 9.40. ஸ்கேனைப் பார்த்த டாக்டர், நுரையீரலைச் சுற்றித் தண்ணீர் கட்டியிருக்கிறது என்றார். அதுவரை அது யாருக்கும் தெரியாது. தசை எடுத்துச் சோதித்து, பத்து நாளில் உறுதியாகச் சொன்னார்கள். ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் வரும் புற்றுநோய்.

"ஆஸ்பெஸ்டாஸ் கம்பெனில வேலை பாத்தாங்களா?"

"இல்ல சார். சாக்கு தைச்சாவ."

"என்ன சரக்கு வந்த சாக்கு?"

உம்மாதான் மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். நாசர் கைப்பிள்ளையாக இருந்த காலத்தில், கூரைக்குப் போடும் சிமெண்ட் சீட் செய்கிற கம்பெனி ஒன்றிலிருந்து லாரி லாரியாக வந்த சாக்கு. உள்ளே பஞ்சு போல வெள்ளையாக ஒட்டியிருக்கும். பக்கத்து ஊரான இடைசெவல் பெண்கள் மூன்று பேர் அதைக் கிட்டங்கியில் அடித்து உதறுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து உம்மா கிழிசல் தைப்பார். சுத்தம் செய்கிறோம் என்றுதான் பாவம் நினைத்திருக்கிறார்கள். உதறிய சாக்கில் உளுந்து கட்டாத கரிசல் ஊர் சுற்றுவட்டாரத்தில் இல்லை.

"இதுக்கு மருந்து?"

"வலி தெரியாம வச்சுக்கலாம்."

அதிலிருந்து நாற்பத்தோராம் நாள் உம்மா மவுத்தானார். அத்தனை நாளும் நாசரால் விசிறிவிட மட்டும்தான் முடிந்தது.

அந்த மூன்று பேரையாவது ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லலாம் என்று இடைசெவலுக்குப் போனார். தான் பார்த்தது பேய் என்றால் அவர்கள் உயிரோடு இருக்க முடியாது என்று மனசு சொன்னது. இருந்தும் போனார். பாலம்மாள், மீனாட்சியம்மாள், மாடத்தி. மூவரும் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகியிருந்தன. மூவருக்கும் நெஞ்சு நோவுதான். மாடத்தியின் மகள் ஜெயப்பிரியா வாசலில் நின்று சொன்னாள். நாசர் வயதுதான் அவளுக்கும். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை இருமினாள்.

"வேலைக்குப் போகையில அம்மா என்னையும் தூக்கிட்டுப் போவாளாம். அந்த வெள்ளச் சாக்கு மெத்துனு இருக்கும்னு, அங்கன அதுலதான் தொட்டில் கட்டுவாவளாம்."

நாசர் கிளம்பத் திரும்பினார்.

"ஒத்தத் தொட்டில்தான், அண்ணாச்சி. ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் நீங்க."