என் நோட்டீசில் இல்லாத பிரசிடெண்ட்

சனிக்கிழமை காலை ஒன்பது இருபது. கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு பரீட்சை அட்டை. கிளிப்பில் செருகிய தாள்கள் காற்றில் படபடத்தன. அட்டையைப் பிடித்திருந்தவர் மூன்று வீடு தள்ளிக் குடியிருக்கும் மார்கரெட், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. ஒஹையோ மாநிலத்தின் இந்தச் சிற்றூருக்கு நாங்கள் வந்ததிலிருந்து எங்களுக்குள் தலையசைப்பு மட்டுமே உண்டு. அன்று அவர் வீடு வீடாகப் போய் ஒரு கேள்வி கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தார்: பிரசிடெண்டின் முதல் நூறு நாளைப் பற்றி உங்கள் கருத்து என்ன?

கேள்வி என் காதில் வேறு விதமாக விழுந்தது. அரியலூர் மாவட்டத்தில் எங்கள் தா.பழூர்ப் பக்கம் பிரசிடெண்ட் என்றால் ஊராட்சி மன்றத் தலைவர். நூறு நாள் என்றால் ஏரியிலும் வாய்க்காலிலும் மண் வெட்டுகிற அரசாங்க வேலை. இரண்டையும் சேர்த்துக் கேட்டதும் ஒரு கணம், நூறு நாள் வேலைக்குப் பெயர் வந்ததா என்று ஊரில் யாரோ விசாரிப்பதைப் போலிருந்தது. சிரித்துவிட்டேன். மார்கரெட்டின் பேனா நின்றது. அவருடைய பிரசிடெண்டைப் பார்த்துச் சிரித்ததாக நினைத்துவிட்டார். அதைச் சரிசெய்யப் போய், நான் இந்த நாட்டுக் குடிமகன் இல்லை, ஓட்டு கிடையாது, ஆனால் எங்கள் வீட்டிலும் ஒரு பிரசிடெண்ட் உண்டு, என் அண்ணி ஊராட்சித் தலைவராக ஐந்து வருடம் இருந்தார் என்று சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

பதில் இல்லை என்று எங்கள் வீட்டு எண்ணுக்கு எதிரே ஒரு கோடு போட்டுவிட்டு அவர் கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை. பதவிக்கு வந்ததும் அண்ணி என்ன செய்தார் என்று கேட்டார். தண்ணீர்த் தொட்டி, தெருவிளக்கு, சிறுபாலம் என்று அடுக்கினேன். மக்கள் ஆதரவு எப்படி என்றார். நல்ல ஆதரவு என்று என் அண்ணன் சொல்கிறார் என்றேன். மறுபடியும் நிற்பாரா என்றார். அண்ணன் யோசித்துக்கொண்டிருக்கிறார் என்றேன். அவருடைய ஆங்கிலம் எனக்கு எட்டவில்லை என்று முடிவு செய்துகொண்டு, வகுப்பில் பேசுவதைப் போல நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: "மன்னியுங்கள். நான் உங்கள் அண்ணனைக் கேட்கவில்லை. பிரசிடெண்டைக் கேட்டேன்."

அண்ணியைப் பற்றி அவர் கேட்டதெல்லாம் எனக்குப் புரிந்துதான் இருந்தது. என்னிடம் இருந்தது அண்ணன் சொன்ன பதில் மட்டும்தான்.

நான் பெரம்பலூரில் ஒரு நாளிதழின் நிருபராக இருந்தவன். மனைவிக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்ததும் கூட வந்தேன். இப்போது ஒரு மருந்துக் கிடங்கில் லேபிள்களில் தவறு இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. நிருபராக இருந்த காலத்தில், பெண் தலைவர் உள்ள ஊராட்சிக்குப் போன் செய்தால் பெரும்பாலும் கணவர்தான் எடுப்பார். அவர் சொன்னதைக் குறித்துக்கொண்டு, "ஊராட்சி மன்றத் தலைவர் தெரிவித்தார்" என்று எழுதி அனுப்புவேன். ஆசிரியர் குழுவில் யாரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

எங்கள் ஊர் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது அண்ணன் ஆரோக்கியசாமி அண்ணியை நிறுத்தினார். அண்ணி சகாயமேரி ஏலாக்குறிச்சிக்காரர், பிளஸ் டூ படித்தவர். ஜெயித்த அன்று ஊர் மாலை போட்டது அண்ணனுக்கு. அன்றிலிருந்து அவரைத்தான் எல்லாரும் பிரசிடெண்ட் என்றார்கள். அண்ணி, பிரசிடெண்ட் வீட்டம்மா. ஆறு மாதம் கழித்து அண்ணன் போன் செய்தார்.

"தம்பி, இந்த ஆறு மாசத்துல என்னென்ன செஞ்சிருக்கோம்னு ஒரு நோட்டீஸ் போடணும். நீ பேப்பர்ல இருந்தவன். நீ எழுதுனா எடுப்பா இருக்கும்."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். தொட்டி கட்டப்பட்டது. விளக்குகள் பொருத்தப்பட்டன. பாலம் சீரமைக்கப்பட்டது. யார் கட்டினார், யார் பொருத்தினார் என்று சொல்லத் தேவையில்லாத வாக்கியங்கள். பத்திரிகையில் பழகிய கை. அரியலூரில் அச்சடித்த நோட்டீசில் அண்ணன் கைகூப்பி முழு உயரத்தில் நின்றார். அண்ணி மூலையில், தபால்தலை அளவில்.

போன வருடம் விடுமுறையில் போயிருந்தேன். அரியலூரிலிருந்து வந்த பஸ்ஸில் ஊர் நிறுத்தத்தில் இறங்கியபோது, நூறு நாள் வேலை முடிந்து மண்வெட்டியும் கூடையுமாகக் கீழத்தெருப் பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். பாக்கியம் என்பவர் என்னை அடையாளம் கண்டு நின்றார்.

"வெளிநாட்டுத் தம்பிதானே? அந்த நோட்டீசு நீங்க எழுதுனதாமே?"

"ஆமாங்க."

"நல்லாத்தான் இருந்துச்சு. எங்க பிரசிடெண்டத்தான் அதுல ஆளக் காணும்."

மற்றவர்கள் சிரித்தார்கள். பாக்கியம் விடவில்லை. "தண்ணி நேரத்த மாத்துனது ஒங்க அண்ணனா?"

எனக்குத் தெரியவில்லை. நடந்துகொண்டே அவர்கள் சொன்னதைக் கேட்டேன். கீழத்தெருவுக்குக் காலை பத்து மணிக்குத் தண்ணீர் விடுவார்கள். அந்த நேரத்தில் பெண்கள் எல்லாரும் ஏரியில் இருப்பார்கள். திரும்பி வந்தால் குழாயில் காற்றுதான். பதவிக்கு வந்த முதல் மாதமே அண்ணி அதைச் சாயங்காலம் நாலு மணிக்கு மாற்றச் சொன்னார். பிரசிடெண்ட் சொல்லட்டும் என்றாராம் தண்ணீர் திறந்துவிடும் தொட்டிக்காரர். அண்ணி தினமும் நாலு மணிக்கு மோட்டார் கொட்டகைக்குப் போய், அவர் சுவிட்சைப் போடும்வரை நின்றார். ஒரு மாதம் நின்றார். "எங்க தெரு ஓட்டு அந்தம்மாவுக்குத்தான், ஒங்க அண்ணனுக்கு இல்ல" என்றார் பாக்கியம். இதில் செலவு இல்லை, கல்வெட்டு இல்லை, போட்டோ இல்லை. அதனால் அண்ணனின் பட்டியலில் வரவில்லை. நிருபராக இருந்தவன், கீழத்தெருவில் ஒரே ஒருவரைக் கேட்டிருந்தால் முதல் வரியே அதுதான்.

வீட்டில் அண்ணி மீன் கழுவிக்கொண்டிருந்தார். இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க கேக்கவே இல்லியே தம்பி" என்றார். குறையாகச் சொல்லவில்லை. நேரம் கேட்டால் நேரம் சொல்வது போலச் சொன்னார்.

வாரம் தவறாமல் நான் போன் செய்தவன். பல நாள் அண்ணிதான் எடுப்பார். "இருங்க, அவங்ககிட்ட குடுக்கறேன்" என்பார். நான் காத்திருப்பேன். அன்று மன்னிப்புக் கேட்டிருக்கலாம். மீன் குழம்பு நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

அதற்குப் பிறகும் திருந்தவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். ஊராட்சியின் காலம் முடிந்து இப்போது தனி அலுவலர் பார்க்கிறார். அடுத்த தேர்தலில் எங்கள் ஊர் பொதுவாகிவிடும் என்று பேச்சு. தானே நிற்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த அண்ணன், ஐந்து வருடச் சாதனைகளுக்கு ஒரு நோட்டீஸ் கேட்டிருந்தார். சரி என்றிருந்தேன். மார்கரெட் கதவைத் தட்டியபோது மேசை மேல் பாதி எழுதிய தாள் கிடந்தது. கட்டப்பட்டது, பொருத்தப்பட்டன, சீரமைக்கப்பட்டது.

தாளில் ஒரு கோடு போட்டுவிட்டு மார்கரெட் போனதும் போனை எடுத்தேன். பிரசிடெண்ட் என்ற பெயரில் என் போனில் இருந்தது அண்ணனின் எண். அண்ணியின் எண் என்னிடம் இல்லை. அங்கே சாயங்காலம் ஏழு மணியை நெருங்கியிருந்தது.

"நோட்டீசு ஆச்சா?" என்றார் அண்ணன்.

அண்ணியிடம் கொடு என்றேன்.

"அவகிட்ட என்ன? என்கிட்ட கேளு, நான் சொல்றேன்."

"அவங்கதானே பிரசிடெண்ட், அவங்ககிட்டதான் கேக்கணும்."

போன் கைமாறியது, டிவி சத்தம் தூரமானது. அண்ணி பேசினார். ஐந்து வருடத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள், நீங்களே சொல்லுங்கள், எழுதுகிறேன் என்றேன்.

"வேணாம் தம்பி. நானே எழுதிட்டேன். சீட்டு பொதுவானாலும் நாந்தான் நிக்கப்போறேன். சொல்லிட்டேன் அவங்ககிட்ட. ரெண்டு நாளா சோறு கேக்க மட்டுந்தான் வாயத் தொறக்குறாங்க." லேசாகச் சிரித்தார். "எழுத்துப்பிழை மட்டும் பாத்துக் குடுங்க."

தெரியாத எண்ணிலிருந்து ஒரு படம் வந்தது. கோடு போட்ட நோட்டில் ஒரு பக்கம். முதல் வரி: தண்ணீர் நேரத்தை மாற்றினேன். எல்லா வரிகளும் அப்படியே முடிந்தன. கேட்டேன், போனேன், வாங்கினேன். கடைசிக்கு முந்திய வரி: கீழத்தெருவுக்குச் சாக்கடை கேட்டார்கள், என்னால் முடியவில்லை. ஒற்றுப்பிழை இரண்டு இருந்தன. திருத்தினேன். அந்த எண்ணை அண்ணியின் பெயரில் பதிந்துகொண்டு கூப்பிட்டேன். பழக்கதோஷத்தில், சாக்கடை வரியை எடுத்துவிடலாமே என்றேன்.

"இருக்கட்டும் தம்பி. தெனம் அதத் தாண்டிப் போறவங்களுக்குத் தெரியாதா?"

வைக்கும் முன் இன்னொன்று சொன்னார். வாக்காளர் பட்டியல் சரிபார்க்க ஒரு டீச்சர் வந்திருந்தாராம். என் பெயரைக் கேட்டபோது, வந்துருவான், இருக்கட்டும் என்றாராம் அண்ணன். அண்ணி குறுக்கிட்டு, அவர் இங்கே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

"கோவிச்சுக்காதீங்க. இல்லாத ஆள இருக்காருன்னு எப்படிங்க சொல்றது?"

கோபம் இல்லை என்றேன். உண்மையில் இல்லை.

மார்கரெட்டின் தாளில் எங்கள் வீட்டு எண்ணுக்கு எதிரே ஒரு கோடு இருக்கிறது. ஊர்ப் பட்டியலில் எங்கள் வீட்டுக்கு இப்போது அண்ணன், அண்ணி என்று இரண்டு ஓட்டு.